கைக்குள் உறுமுகிறவள்

மெட்டி கழலவில்லை. என் நோயை முதலில் காட்டிக்கொடுத்தது அதுதான்.

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குகிற சமயம். கால் வீங்கி, விரலில் மெட்டி புதைந்துவிட்டது. சோப்பு போட்டுப் பார்த்தேன், எண்ணெய் போட்டுப் பார்த்தேன். கடைசியில் திண்டிவனத்தில் ஒரு ஆசாரியிடம் காலை நீட்டி வெட்டி எடுத்தோம். அவர் மெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, "காலு முழுக்க நீர் கோத்துகினு கீது. வேற மெட்டி அப்பறம் வாங்கலாம், மொதல்ல டாக்டரைப் பாரும்மா" என்றார்.

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். கேஸ் மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். மகள் போனை எடுக்காவிட்டால் பஸ் கவிழ்ந்துவிட்டதாக முடிவு கட்டிவிடுகிறவள். அப்படிப்பட்ட நான் இந்த ஒன்றுக்கு மட்டும் பயப்படவில்லை. வயல் வேலை, நின்று நின்று கால் வீங்குகிறது என்று விட்டுவிட்டேன்.

இதை யாருக்காக எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே போகாமல் அப்படியே எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக. நான் எட்டாவதோடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். அது தெரிந்தேதான் இருக்கிறது.

திண்டிவனத்தில் ரத்தம் எடுத்தார்கள். கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்ற அளவு) ஏறிக் கிடந்தது. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்று ஸ்கேனில் தெரிந்தது. விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள்.

விழுப்புரத்து டாக்டரம்மா முதலில் கேட்டது, "வலி மாத்திரை சாப்பிடுவீங்களா?"

சாப்பிடுவேன். எங்கள் பக்கம் எல்லாப் பெண்களும் சாப்பிடுவோம். குனிந்து களை எடுத்தால் இடுப்பு விட்டுப்போகும். மருந்துக் கடையில் போய் "இடுப்பு வலிக்கு ரெண்டு குடுங்க" என்றால் தாளில் மடித்துத் தருவார்கள். என்ன மாத்திரை என்று நாங்கள் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. கூடவே எனக்கு ரத்த அழுத்தமும் இருந்திருக்கிறது. அதையும் யாரும் பார்க்கவில்லை.

"இத்தனை வருஷம் தின்னது சேந்து வேலையக் காட்டியிருக்கு" என்றார் டாக்டரம்மா. அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றைக்குப் பிடித்தது கோபம். அது இன்னும் இறங்கவில்லை.

வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து, மிஷினில் சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் விடுவது). திங்கள், வியாழன். பெருமுக்கல் பக்கத்திலிருந்து திண்டிவனம் வந்து, அங்கிருந்து விழுப்புரம் பஸ் பிடித்து, அங்கே ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு போய்ப் படுக்க வேண்டும். நாலு மணி நேரம் மிஷின். திரும்பி வரும்போது சாறு பிழிந்த கரும்பாக வருவேன்.

ஊசி போட வசதியாக இடது மணிக்கட்டில் ஃபிஸ்டுலா (கையில் ஓடும் இரண்டு வகை ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்து, ரத்தம் வேகமாக ஓட வழிசெய்யும் சிறு ஆபரேஷன்) செய்தார்கள். தையல் ஆறியதும் வார்டு சிஸ்டர் என் வலது கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார்.

"இன்னா தெரியுது?"

"கிர்ருனு ஓடுது சிஸ்டர்."

"அதான் உங்க உசுரு. தெனம் தொட்டுப் பாக்கணும், காதுல வெச்சும் கேக்கணும். இந்தக் கையில வளையல் கூடாது, வாட்ச் கூடாது, பை மாட்டக் கூடாது, இந்தப் பக்கம் படுக்கக் கூடாது. சத்தம் நின்னா ஒடனே ஓடி வந்துடணும்."

பயப்படுகிறவளிடம் இப்படிச் சொன்னால் என்ன ஆகும்? எழுந்ததும் கேட்பேன், பால் கறந்ததும் கேட்பேன், பஸ்ஸில் கேட்பேன். மணிக்கட்டைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்தால் என் வீட்டுக்காரர் ஏழுமலைக்குச் சிரிப்பு. "யாரு போன்ல?" என்பார். "சும்மா இருங்க" என்பேன். தினமும் இது நடக்கும்.

அவருடைய அக்கா அஞ்சலை அண்ணி அடுத்த தெருவில் இருக்கிறார். கல்யாணமாகி வந்த நாள் முதல் என்னை ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லாமல் தூங்கியதில்லை. என் இடது கையில் வளையல் இல்லாததைப் பார்த்து, "கட்டுனவன் கல்லாட்டம் கீறான், ஒத்தக் கைய மொட்டையா வெச்சிகினு திரியிறியே" என்றார். கையை அவர் காதில் வைத்தேன். கேட்டுவிட்டு அண்ணி, "அடியே, உள்ள ஆத்தா உறுமுறாடி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு வளையல் பேச்சை எடுக்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிறுநீரகம் போனவர்களுக்குப் பொட்டாசியம் (பழம், இளநீர், கடலை போன்றவற்றில் நிறைய இருக்கும் உப்பு, ஏறினால் இதயத்தை நிறுத்திவிடும்) ஆகாது. தண்ணீரும் அளவுதான். வாய் காய்ந்தால் ஒரு ஐஸ் துண்டு. மல்லாட்டை விளைவிக்கிற குடும்பத்தில் இருந்துகொண்டு நான் மல்லாட்டை தின்னக் கூடாது. கேப்பைக் கூழ் கூடாது. என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பாசத்தோடு இளநீர் சீவிக்கொண்டு வந்தார்கள். வேண்டாம் என்றால், "இளநி இன்னா பண்ணும்? குளுமைதானே" என்று முகம் சுருங்கினார்கள். பாசமாக வந்தவர்கள் அத்தனை பேரும் எனக்கு விஷத்தைச் செம்பில் ஊற்றிக்கொண்டுதான் வந்தார்கள். குடிக்க மறுத்த நான் திமிர் பிடித்தவள் ஆனேன்.

இளநீரோடு ஒரு வாக்கியமும் கொண்டுவருவார்கள். "தாங்குறவங்களுக்குத்தான் சாமி கஷ்டத்தக் குடுக்கும்." இதைச் சொல்லாத ஆள் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் தாங்குகிறேன் என்று யார் சொன்னது? பஸ் படிக்கட்டில் வாந்தி எடுக்கிறவள், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும்போது கெட்ட வார்த்தையில் கத்துகிறவள், தாங்குகிறவளா? ஊர் அம்மனுக்கு என்னைத் தெரியாதா? வருஷம் தவறாமல் பொங்கல் வைத்தவள்தானே நான்?

வார்டில் எனக்கு அடுத்த படுக்கை பச்சையம்மாளுடையது. செஞ்சிப் பக்கம். என்னைவிட மூத்தவர். மிஷினைக் காட்டி, "இது என் ரெண்டாவது புருஷன். மொதல் புருஷனாவது குடிச்சிட்டு எங்கியாவது வுழுந்து கெடந்தா எனக்கு ஒரு நாள் லீவு. இவன் லீவே வுட மாட்டறான்" என்பார். சிஸ்டர்கூடச் சிரிப்பார். ஊசி போடும்போது நான் கண்ணை மூடிக்கொண்டால், "தொறடி தனம். உன் ரத்தம் செவப்பா கீதா, நீலமா கீதான்னு பாக்க வேணாமா?" என்பார். அவர் பக்கத்தில் இருந்தால் நாலு மணி நேரம் இரண்டு மணி நேரமாகத் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை அந்தப் படுக்கையில் வேறு ஒருவர் படுத்திருந்தார். நான் சிஸ்டரைப் பார்த்தேன். சிஸ்டர் டியூபைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டார். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அன்று வீட்டுக்கு வந்து, இனிப் போக மாட்டேன் என்று மனதில் முடிவு செய்துவிட்டேன். வாயால் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்காரர் அழுவார், மகள் அழுவாள். யாரும் அழாமல் நான் நிறுத்திக்கொள்ள ஒரு வழி தேடிக்கொண்டிருந்தேன்.

வழி, தீமிதித் திருவிழாவாக வந்தது.

எங்கள் ஊரில் தீமிதிக்குக் காப்புக் கட்டினால், அதாவது மஞ்சளில் நனைத்த நூலை மணிக்கட்டில் கட்டிக்கொண்டால், திருவிழா முடிந்து அவிழ்க்கும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. யார் செத்தாலும் போகக் கூடாது. அஞ்சலை அண்ணி வருஷா வருஷம் கட்டுகிறவர், தீ மிதிக்கிறவர். அந்த வருஷம் என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"ஆத்தா மேல பாரத்தப் போட்டு நீயும் காப்பு கட்டிக்கடி. இந்த ஊசி மிஷினு எல்லாத்தையும் வுடு. அவ பாத்துக்குவா."

"சரிங்கண்ணி" என்றேன்.

நான் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வேன் என்று அண்ணியே எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்காரர் தட்டில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"திங்கக்கெழம இன்னா பண்ணுவ?"

"ஆத்தா பாத்துக்குவா."

"வியாழக்கெழம?"

"அன்னிக்கும் அவதான்."

ஊரே என்னை மெச்சியது. தனத்துக்கு எவ்வளவு நம்பிக்கை பார் என்றார்கள். அந்தப் பேச்சைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குத் தெரியும். நம்பிக்கை உள்ளவளுக்கு மனதில் ஒரு வேண்டுதல் இருக்கும், பிழைக்க வேண்டும் என்ற ஆசை இருக்கும். எனக்கு அது எதுவுமில்லை. பஸ் ஏற வேண்டாம், அவ்வளவுதான். நான் செய்ய வேண்டியதை விட்டுவிட்டு, பழியைத் தூக்கி அம்மன் தலையில் வைத்தேன்.

காப்புக் கட்டும்போது வலது கையை நீட்டினேன். பூசாரி, "பொம்பளைக்கு எடது கை" என்றார். "இது ஆபரேஷன் கைங்க" என்றேன். "ஆத்தா கயிறு இன்னா பண்ணும்?" என்று மூன்று முடிச்சுப் போட்டார். வளையல் கூடாது, வாட்ச் கூடாது என்று சிஸ்டர் சொன்னார். காப்புக் கூடாது என்று சொல்லவில்லை. யாருக்குத்தான் தோன்றும்? கட்டும்போது விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை போகவில்லை. வியாழக்கிழமை காலையில் வீட்டுக்காரர் பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். மிஷின் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற கடைசி விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்கிற நேரம் தாண்டும்வரை நின்றுவிட்டு, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வயலுக்குப் போனார்.

டயாலிசிஸ் செய்யாவிட்டால் குடித்த தண்ணீர் எல்லாம் உடம்பிலேயே தங்கும். கால் வீங்கியது, முகம் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கையும் வீங்கியது. கை வீங்க வீங்க, தளர்வாக இருந்த காப்பு இறுகியது. அது எனக்குத் தெரியவில்லை. பொழுதுக்கும் உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு மணிக்கட்டு நினைவில் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பழக்கத்தில் கையைக் காதில் வைத்தேன்.

சத்தம் இல்லை.

அழுத்தி வைத்தேன். மாற்றி வைத்தேன். எங்கோ தூரத்தில் மோட்டார் நின்று கடைசித் தண்ணீர் சொட்டுவதுபோல ஒரு துடிப்பு. நூல் சதைக்குள் இறங்கியிருந்தது. மெட்டி மாதிரியே.

சாக முடிவு செய்தவள் அமைதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். அடிவயிற்றிலிருந்து வந்தது. கோயில் ஒலிபெருக்கி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே கத்தினேன்.

"இன்னாடி பண்ற நீ? உன்னிய நம்பி வந்தவள உன் கயிற வெச்சே சாவடிக்கிறியா? நீயெல்லாம் ஒரு சாமியா?"

கோயிலில் ஊற்றிய கூழைக் கொண்டுவந்த அஞ்சலை அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யார்ரீ அது, ஆத்தாளப் பேசறது? நாக்கு அழுவிப் பூடும்."

"அழுவட்டும். கத்திரிக்கோல் எடுங்கண்ணி. இத அறுக்கணும்."

"காப்ப நடுவுல அறுத்தா குடும்பத்துக்கே ஆவாது. எந்தம்பி ஒத்தப் புள்ள. அறுக்க வுட மாட்டேன்."

எனக்குப் பேச மூச்சு இல்லை. கையை நீட்டினேன். "கேளுங்க" என்றேன்.

அண்ணி குந்தி உட்கார்ந்து என் மணிக்கட்டில் காதை வைத்தார். முகம் மாறவில்லை. மறு காதை வைத்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து என்னை மிரட்டிய அந்தப் பொம்பளை பயந்து போயிருந்தாள்.

"ஆத்தா உறுமலியேடி."

"உங்க ஆத்தாளத்தான் நீங்க கட்டிப் போட்டுக் கீறீங்க."

அண்ணி கத்திரிக்கோல் தேடவில்லை. நூலுக்கும் சதைக்கும் நடுவே நகத்தை விட்டுத் தூக்கி, பல்லால் கடித்து அறுத்தார். ஒரே கடி. வாயெல்லாம் மஞ்சள். அறுந்த நூலைக் கீழே போடவில்லை. தன் கையில் இருந்த காப்பின் மேலேயே அதைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

"உன்னுது எங்கிட்ட கீது. எது வந்தாலும் எந்தலைல வரட்டும். டேய் ஏழுமல, வண்டிய எட்றா."

பைக்கில் உட்கார முடியாது. மல்லாட்டை மூட்டை ஏற்றுகிற லோடு ஆட்டோவில் சாக்குகளை விரித்துச் சாய்த்து உட்கார வைத்தார்கள். அண்ணி பின்னாலேயே செருப்பில்லாமல் ஓடிவந்தார். எல்லைக்கல்லில் நின்றுவிட்டார். அதற்கு மேல் அவரால் வர முடியாது. இரண்டு காப்பு கட்டிய கையைத் தூக்கிக்கொண்டு அங்கேயே நின்றார். வண்டி திரும்பும்வரை அவர் திட்டுவது கேட்டது. என்னையா, டிரைவரையா, அம்மனையா, தெரியவில்லை.

விழுப்புரத்தில் டாக்டரம்மா என் மணிக்கட்டில் பதிந்திருந்த கோட்டைப் பார்த்தார்.

"இது என்ன?"

"காப்புங்க. சாமிக்கு."

"நானும் சாமி கும்பிடுறவதான். உங்க சாமி எங்கயாவது ரத்தம் போற வழியில கயிறு கட்டச் சொல்லுச்சா?"

நான் அவரையும் முறைத்தேன். திட்டுகிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று தோன்றியது.

ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். குழாய் சுருங்கியிருந்தது, ஆனால் அடைக்கவில்லை. "ஒரு நாள் விட்டிருந்தீங்கன்னா போயிருக்கும். கையா நீங்களான்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. அன்று கைக்கு ஓய்வு கொடுத்து, கழுத்தில் தற்காலிகக் குழாய் போட்டு மிஷினில் இணைத்தார்கள்.

பச்சையம்மாளின் பழைய படுக்கைதான் கிடைத்தது. அதில் படுத்துக்கொண்டு நாலு மணி நேரமும் அம்மனைத் திட்டினேன். சத்தம் வராமல், உதடு மட்டும் அசைய. பச்சையம்மாளை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். மாத்திரையை மடித்துக் கொடுத்தபோது எங்கே போயிருந்தாய் என்று கேட்டேன். என் சோதனையில் நீ என்ன மார்க் வாங்கப் பார்க்கிறாய் என்று கேட்டேன். விட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தவளை ஏன் பல்லால் கடித்து இழுத்தாய் என்றும் கேட்டேன்.

சிஸ்டர் பக்கத்தில் வந்து, "சாமி கும்புடுறீங்களாம்மா?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். "ஆமாம் சிஸ்டர்" என்றேன்.

அது பொய் இல்லை. பொங்கல் வைத்த வருஷங்களில் நான் அம்மனிடம் இவ்வளவு நேரம் பேசியதில்லை. கும்பிட்டேன், விபூதி வாங்கினேன், கேஸ் மூடினேனா என்ற கவலையோடு வீட்டுக்கு ஓடினேன். அன்றைக்குத்தான் உட்கார்ந்து பேசினேன். காது கேட்காதவளிடம் யாரும் நாலு மணி நேரம் சண்டை போட மாட்டார்கள். அவள் கேட்கிறாள் என்று நான் நம்பியிருக்கிறேன். எனக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

கைச் சத்தம் மெல்ல மெல்லத் திரும்பியது. கழுத்துக் குழாயை எடுத்தார்கள்.

தீமிதி முடிந்து காப்பு அவிழ்த்த மறுநாள் அஞ்சலை அண்ணி வீட்டுக்கு வந்தார். இரண்டு காப்போடு தீயில் இறங்கியதாக ஊரில் சொன்னார்கள். பாதத்தில் கொப்புளம். அந்த வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கொப்புளம் வந்ததே இல்லை. மன்னிப்பு எதுவும் அவர் கேட்கவில்லை. உட்கார்ந்து, "கையக் குடு" என்றார். காதில் வைத்துக் கேட்டார்.

"உறுமுதா அண்ணி?"

"ஒனக்கு மேல கத்துறா" என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்டார்.

நான் குணமாகவில்லை. அதை உங்களிடம் மறைக்கக் கூடாது. இந்த நோய் போவதில்லை. சிறுநீரகம் மாற்றப் பெயர் கொடுத்திருக்கிறோம். எப்போது என்று தெரியாது. பயமும் போகவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பஸ் நிலையத்தில் ஏறலாமா, திரும்பலாமா என்று கால் தயங்கும். பயந்துகொண்டே ஏறுகிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, அன்றைக்கு அம்மனிடம் என்ன கேட்டுச் சண்டை போடுவது என்று யோசிப்பேன். அதற்குள் விழுப்புரம் வந்துவிடும்.

நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால், சாமி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி எழுந்து போகாதீர்கள். பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் உள்ளே போய்ப் படுங்கள். படுத்துக்கொண்டு அந்தச் சாமியைக் கேளுங்கள், திட்டக்கூடச் செய்யுங்கள். இளநீர் கொண்டுவருகிறவர்களை வாசலோடு அனுப்புங்கள்.

எனக்கு இப்போது மாதம் இல்லை, வருஷம் இல்லை. திங்கள் உண்டு, வியாழன் உண்டு. பண்டிகை அந்த இரண்டுக்கும் நடுவில் எங்காவது வந்து போகும். தாகம் எடுத்தால் ஒரு ஐஸ் துண்டு முழுதாகக் கரையும்வரை வாயில் வைத்திருக்கிறேன். அவ்வளவு நேரம் எதையும் நான் முன்பு வாயில் வைத்திருந்ததில்லை. என் உடம்பு எனக்குக் கேட்கிறது. முன்பு அது வேலை செய்தது, நான் கவனிக்கவில்லை.

நேற்று வியாழன். விழுப்புரத்திலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து மணிக்கட்டைக் காதில் வைத்தேன். வீட்டுக்காரர் மாட்டைக் கட்டிவிட்டு வந்தார்.

"யாரு போன்ல?"

"அவதான்" என்றேன்.

எப்போதும் சிரிக்கிறவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னா சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல. நான்தான் திட்டிகினு கீறேன்."

"வெச்சிட்டாளா?"

காதை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக் கேட்டேன்.

"இல்ல. இருக்கா."